யூரியாக் கட்டி

எனக்குத் தொழில் தராசு. கொழும்பு பழைய சோனகத் தெருவில், இரும்புக் கடைகளுக்கு நடுவே, ஓர் ஆள் நுழையும் அகலத்தில் கடை. அப்பா காலத்தில் கத்திமுனைத் தராசு, என் காலத்தில் டிஜிட்டல். புறக்கோட்டை வெங்காயக் கடைகள்தான் சோறு போடுகின்றன. ஆனால் ஆகஸ்ட் பிறந்ததும் ஒரு தடவை கிளிநொச்சிப் பக்கம் போய்வருவேன். அங்கே ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் உரக் களஞ்சியத் தராசை அப்பா பார்த்துக்கொண்டிருந்தார், இப்போது நான்.

கோட்டையில் இரவு ரயில் ஏறும்போது பைக்குள் இரண்டு பத்துக் கிலோப் படிக்கல். உதவிக்கு வந்த ஒருவர் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அப்படியே கீழே வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தார். ஒவ்வொரு வருடமும் இது நடக்கும்.

கொழும்பில் இருப்பவனுக்குக் கோடை என்றால் வியர்வை. அங்கே கோடை என்றால் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று. புழுதியை வாரிக் கண்ணில் போடும். சங்கத்துக்கு ஆற அமர வேலை செய்யக் கிடைப்பதும் இந்தச் சில வாரங்கள்தான். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளைந்த சிறுபோக நெல் வரத் தொடங்கிவிட்டால் முற்றத்தில் நிற்க இடம் இருக்காது, அது முடிந்த கையோடு காலபோக விதைப்புக்கு உரம் கேட்டு ஆட்கள் வந்துவிடுவார்கள், பின்னாலேயே மழை. ஆகவே மூட்டை அடுக்கும் மரத் தட்டுகளை எல்லாம் வெளியே இழுத்து வெயிலில் போட்டுக் கறையான் தட்டுகிறார்கள். பீலியில் அடைந்த சருகை அள்ளுகிறார்கள். ஓட்டைத் தகரத்துக்கு ஒருவர் மேலே நின்று ஆணி அடிக்க, கீழே நிற்பவர்கள் எல்லோரும் ஆலோசனை சொல்கிறார்கள். உர மூட்டைகளைச் சுவரிலிருந்து தள்ளி, கீழே இருந்தது மேலே வரும்படி மாற்றி அடுக்குகிறார்கள். மாற்றாவிட்டால் அடியில் கிடக்கும் யூரியா பாரத்தில் இறுகிக் கல்லாகிவிடும், மண்வெட்டிப் பிடியால் அடித்துத்தான் உடைக்க வேண்டும்.

"முதல்ல தேத்தண்ணி குடியும் தம்பி, தராசு எங்கயும் ஓடாது" என்றார் களஞ்சியத்து ஐயா. குடித்தேன். அப்புறம் வழக்கம்போல இருபது கிலோவைத் தட்டின் நான்கு மூலையிலும் மாற்றி மாற்றி வைத்தேன். நான்கிலும் 20.00. சரி, முடிந்தது என்று படிக்கல்லைப் பைக்குள் வைக்கப் போகும்போது அவர் மெல்லச் சொன்னார்: "போன வருசமும் இப்பிடித்தான் சரியெண்டு சொல்லிப்போட்டுப் போனீர். சனம் நெல்லு நிறுக்கேக்க முணுமுணுக்குதுகள்."

எனக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் இருந்த யூரியா மூட்டை ஒன்றைத் தூக்கி வைத்தேன்: 50.1. இறக்கிவிட்டு இன்னொன்று: 50.2. இரண்டையும் சேர்த்து வைத்தேன். 100.3 வர வேண்டும். வந்தது 99.1.

இருபது கிலோவுக்கு யோக்கியனாகவும் நூறு கிலோவுக்குக் கள்ளனாகவும் இருக்கிறது தராசு. அப்படியானால் பாரம் ஏறி இரும்புச் சட்டம் துளி வளையும்போது அடியில் எதன் மேலோ போய் உட்காருகிறது. அந்த அளவு பாரத்தை அந்தப் பொருள் தாங்கிக்கொள்ளும், பாரத்தை அளக்கும் லோட்செல்லுக்குப் போய்ச் சேராது. முத்திரையைத் தொட வேண்டிய வேலை இல்லை, தட்டைக் கழற்றினால் போதும். கழற்றினோம். ஒரு பல்லி முட்டை ஓடு, எறும்பு மண், கிழிந்த பற்றுச்சீட்டு. அவற்றோடு, சட்டத்துக்கும் அடித்தளத்துக்கும் நடுவில், விபூதிக் கட்டி போல ஒன்று. நகத்தால் சுரண்டினேன், அசையவில்லை. திருப்புளியை வைத்துச் சுத்தியலால் தட்டியபின்தான் கழன்றது. நாக்கில் வைத்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை, ஐயா வைத்துப் பார்த்தார். "யூரியா" என்றார், தேத்தண்ணிக்குச் சீனி போதாது என்பதுபோல.

அது அங்கே வந்த கதையை அவரே சொன்னார். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள் அல்லவா, அந்த வருடம் இந்தக் களஞ்சியத்தில் பட்மின்டன் விளையாடலாம் போல இருந்ததாம். பிறகு உரம் வந்தது, பழைய விலையில் வரவில்லை. முழு மூட்டை எடுத்தவர்கள் ஐந்து கிலோ, பத்துக் கிலோ என்று கேட்கத் தொடங்கினார்கள். மூட்டையைத் தராசுக்குப் பக்கத்திலேயே பிரித்து அள்ளிக் கொடுத்தார்கள். சிந்தியது தட்டுக்கடியில் போனது. வாடை மழையின் ஈரத்தில் அது கரைந்தது, சோளகத்தில் காய்ந்து இறுகியது. அடுத்த மழைக்கு இன்னொரு படை.

நெல்லையும் இதே தராசில்தான், இரண்டு இரண்டு மூட்டையாக நிறுப்பார்களாம். நெல் மூட்டை யூரியா மூட்டையைவிடப் பாரம். ஒரு தடவைக்கு ஒன்றரைக் கிலோ போகிறது என்று வைத்தாலும், நாற்பது மூட்டை கொண்டுவந்தவனுக்கு முப்பது கிலோ இல்லை. அரை மூட்டை. சில்லறையாக உரம் வாங்கியவர்களுக்கு நட்டமே இல்லை, பத்துக் கிலோவுக்குச் சட்டம் வளையாதே. யாரும் திருடவில்லை. விற்கும்போது சரியாகவும் வாங்கும்போது குறைவாகவும் காட்டும் தராசு சங்கத்தில் இருந்தது, அவ்வளவுதான். அதைச் சரி என்று போன வருடம் எழுதிக் கையெழுத்து வைத்தவன் நான்.

கூலி வேண்டாம் என்றேன். ஐயா கோபப்பட்டார். "காசை வாங்கும். அடுத்த முறை பாரமான கல்லாக் கொண்டு வாரும்." பிறகு கொள்முதல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். எத்தனை மூட்டை, யார் யார் என்று அதில் இருக்கிறதாம். சங்கம் என்ன முடிவெடுத்தது என்று இன்னும் செய்தி வரவில்லை. மூட்டை பிரிக்கும் இடத்தை மட்டும் நான் நிற்கும்போதே கதவுக்கு அந்தப் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

அந்தக் கட்டியைக் கடதாசியில் சுற்றிக் கொழும்புக்குக் கொண்டுவந்து, கடை மேசையில் பில் புத்தகத்தின் மேல் வைத்தேன். கிளிநொச்சியில் சுத்தியலுக்கே மசியாதது, இந்த ஊர்க் காற்றில் நான்கு நாள் தாக்குப்பிடிக்கவில்லை. நேற்றுக் காலை கடை திறந்தபோது பாதி கரைந்து, பில் புத்தகத்தில் நான்கு தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.