சும்மா இருப்பது

"சும்மாதாம்ல இருக்கேன்" என்றாள் அம்மா.

முக்கூடல் வீட்டுத் திண்ணை, மதியம். மடியிலிருந்த பீடித்தட்டை இறக்கி வைத்துவிட்டாள். ஆனாலும் பெருவிரல் மட்டும் இல்லாத இலையை உருட்டிக்கொண்டே இருந்தது.

பக்கத்தில் அப்பா, கண்ணை மூடியபடி.

1995இல் அமெரிக்காவில் மூளை ஆய்வாளர் ரூபன் கர் குழுவினர் 37 ஆண்கள், 24 பெண்களைச் சும்மா இருக்கவிட்டு மூளையை ஸ்கேன் செய்தார்கள். மொத்தத்தில் இருபாலாருக்கும் ஒரே மாதிரிதான். ஆண்களுக்குச் சிறுமூளையிலும் உணர்ச்சி சார்ந்த சில பகுதிகளிலும், பெண்களுக்கு மூளையின் உட்புறம் வளைந்து கிடக்கும் சிங்குலேட் பகுதியிலும் இயக்கம் சற்றுக் கூடுதல், அவ்வளவே.

எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்விலும் உடலின் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை எரிக்கிறது.

"என்னம்மா ஓடுது மனசுல?"

"நாளைக்குக் கொடுக்க கட்டு பத்தாது."

அப்பாவிடமும் கேட்டேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "அதேதான்."