சேர் கேட்ட மதில்

சேர் தவறிட்டார் எண்டு பழைய மாணவர் சங்க வாட்சப் குறூப்பில கண்ட நேரம் நான் பரிஸ் லாசப்பல்ல மரக்கறி வாங்கிக்கொண்டு நிண்டனான். சேரின்ர நினைவு மலருக்கு எழுதித் தாங்கோ எண்டு கேட்டவை, எனக்கு அந்த ஏ.எல் ஐரோப்பிய வரலாற்றுப் பாடத்தைத் தவிர வேற ஒண்டும் வரேல்ல.

எங்கட பச்சுக்கு ஞாபகம் இருக்கும். பிரான்சை ஆண்ட கப்பேசிய மன்னர்களின் அதிகார வளர்ச்சி எண்ட கேள்விக்கு நான் மூண்டு பக்கமும் அந்த வம்சத்து இரண்டாம் பிலிப் வெண்ட 1214 பூவின் சண்டையை மட்டுமே எழுதினனான். சேர் என்னை எழுப்பி, "சண்டை சரி, அதுக்குக் காசு எங்கால வந்தது?" எண்டார். தெரியேல்ல. பாடம் முடியுமட்டும் நிக்க விட்டவர், பின்வாங்கில ஆரோ சிரிச்சது இப்பவும் காதில கேக்குது.

பிறகு கரும்பலகையில ஒண்டொண்டா எழுதினார். 987இல ஹியூ கப்பே முடிசூடேக்க நேரடியா கையில இருந்தது பரிஸையும் ஓர்லியோனையும் சுத்தின கொஞ்ச நிலம்தான், அப்பன் உயிரோட இருக்கேக்கையே மகனுக்கு முடிசூட்டித்தான் வம்சத்தைக் காப்பாத்தினவை. திருப்பம் இரண்டாம் பிலிப்போடதான். அவர் 'பெயிலி' எண்டு சம்பளத்துக்கு அதிகாரியளைப் போட்டார், அந்தப் பதவி பிரபுக்களின்ர நிலம் மாதிரி தகப்பனுக்குப் பிறகு மகனுக்குப் போகாது, 1190இல சிலுவைப்போருக்குப் போகமுதல் எழுதிவச்ச கட்டளைப்படி வருமானம் வருசத்தில மூண்டு தரம் பரிஸுக்கு வந்து சேரோணும். 1204இல இங்கிலாந்து ராசா ஜோனிட்ட இருந்து நோர்மண்டியும் கைக்கு வர வருமானம் எங்கயோ ஏறீட்டுது. "பூவின் அதுக்குப் பிறகுதான் தம்பி. இப்ப இரும்."

அதுக்குப் பிறகு எந்த ராசாவைப் பற்றி வாசிச்சாலும் காசு எங்கால எண்டுதான் முதல்ல பாப்பன். அது சேர் தந்தது.

90இல சேருக்குச் சொல்லாமலே நாட்டை விட்டு வெளிக்கிட்டன். கன வருசத்துக்குப் பிறகு போன் எடுத்தால் சுகம் கூட விசாரிக்கேல்ல, "பிலிப் கட்டின பரிஸ் மதிலில ஒரு துண்டு மிச்சம் நிக்குதாமே, கல்லு என்ன நிறம்?" எண்டார். நான் இருக்கிறது சென் டெனியில, அந்த ராசாக்களை அடக்கம் செய்த கோயிலுக்கு நடந்து போற தூரம், அதுக்குள்ளயே அப்ப போனதில்லை. ரெஸ்ரோரண்டில ரெண்டு நேர வேலை. பாத்திட்டுச் சொல்லுறன் சேர் எண்டனான். பாக்கவும் இல்லை, திருப்பி எடுக்கவும் இல்லை.

போன கிழமை சென் போல் மெற்றோவில இறங்கிப் போனன். மங்கின சந்தன நிறம் சேர், இடைக்கிடை கறுத்துப்போய்க் கிடக்கு. மதிலடியில பெடியள் பந்தடிச்சுக்கொண்டு நிண்டவங்கள்.