பாட்டி முறை

நேற்று சாயங்காலம் எங்கள் கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டில் ஆட்சி மாறிவிட்டது.

இந்த 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக அங்கன்வாடியை மூடியதிலிருந்து நம்ம சின்னவன் தன் உயரத்துக்கு இன்னொரு ஆளோடு பழகவே இல்லை. ரெண்டரை வயசுப் பிள்ளைகள் சேர்ந்து விளையாடுவது குறைவு, பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாகத்தான் விளையாடும், கவலைப்படாதே என்று டாக்டர் போனில் சொன்னார். பக்கத்தில் உட்காரவும் ஒரு பிள்ளை வேண்டுமே! எதிர்வீட்டுப் பாப்பாவும் இவனும் அவரவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு முறைத்துக்கொள்வார்கள். அவ்வளவுதான் சிநேகம்.

சரி, வீட்டிலிருக்கும் பெரிசுகளையே பிள்ளைகளாக்கிவிடலாம் என்று இறங்கினேன். பந்தை உருட்டி, "உன் முறை, தாத்தா முறை." அப்புறம் கடை விளையாட்டு. பாட்டி கடைக்காரி, நாங்கள் வரிசையில், புளியங்கொட்டைதான் காசு. இடித்துக்கொண்டு முன்னால் போனது யார் என்கிறீர்கள்? அப்பா! கேட்டால் சீனியர் சிட்டிசனாம். அதட்டினால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவார். சின்னவன், நான் பழக்கியபடியே, பின்னாலேயே போய், "கோவமா? தண்ணி வேணுமா?" என்பான். பாதி டம்ளர் அவன் சட்டைக்கு, மீதி தாத்தாவுக்கு.

சில்வர் பீச்சில் நடக்க முடியாத ஆத்திரத்தையெல்லாம் அப்பா ரிமோட்டில் தீர்த்துக்கொள்கிறார். சென்னை கோயம்பேடு சந்தையிலிருந்து வந்தவர்களால் கடலூரின் கொரோனா எண்ணிக்கை எகிறியதிலிருந்து சாயங்காலமானால் நியூஸ்தான். ஒரே எண்ணை எல்லா சேனலிலும் பார்த்தால் எங்காவது குறைத்துச் சொல்வார்கள் என்று நினைக்கிறாரோ என்னவோ. அம்மா அடுப்படியிலிருந்து எட்டி எட்டிப் பார்ப்பார். ஷூட்டிங் இல்லாமல் பழைய சீரியலைத்தான் மறுபடி போடுகிறார்கள், அதற்கும் கொடுப்பினை இல்லை.

நேற்று சின்னவன் பந்தைப் போட்டுவிட்டு நேரே அப்பா முன்னால் போய்க் கையை நீட்டினான்.

"தாத்தா முறை முடிஞ்சுபோச்சு. பாட்டி முறை. குடு."

அப்பா என்னைப் பார்த்தார். நான் காலண்டரைப் பார்த்தேன். கொடுத்துவிட்டார்! கல்யாணமான நாளிலிருந்து அம்மா கேட்டுக் கிடைக்காத ரிமோட்.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல எதைடி அழுத்தணும்?"

அப்பாதான் எழுந்து வந்து பட்டனைக் காட்ட விரலை நீட்டினார். அந்த விரலில் பட்டென்று ஒரு அடி விழுந்தது.

"தொடாத! தாத்தா முறை இல்ல!"