கார்ட்டிசோல் எண்ணும் கடிகாரமும்: அம்மாவின் குஷிங் நோயைக் கண்டறிய நாங்கள் பட்ட பாடு

காலை 8 மணியிலிருந்து 9 மணிக்குள் இரத்தம் எடுக்க வேண்டிய பரிசோதனைக்கு 10.40 மணிக்குச் சந்திப்பு நேரம் ஒதுக்கிய சிங்கப்பூர் மருத்துவமனை முகப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. முதல் நாள் இரவு 11 மணிக்கு டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரையை 1 மில்லிகிராம் விழுங்கிவிட்டு, மறுநாள் காலை அந்த ஒரு மணி நேர இடைவெளிக்குள் கார்ட்டிசோல் அளவைப் பார்ப்பதுதான் அந்தப் பரிசோதனை. கார்ட்டிசோல் என்பது சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பி சுரக்கும் நாளநீர்; அதைச் சுரக்கத் தூண்டுவது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. அந்தப் பிட்யூட்டரியில் வரும் கட்டியால் கார்ட்டிசோல் மிகையாவதுதான் குஷிங் நோய். உடல்நலத்தோடு இருப்பவருக்கு அந்த மாத்திரையே பிட்யூட்டரியை அடக்கிவிடும். காலையில் கார்ட்டிசோல் லிட்டருக்கு 50 நானோமோலுக்குக் கீழே இறங்கியிருக்கும். அடங்காவிட்டால் மேற்கொண்டு ஆராய வேண்டும். சந்திப்புச் சீட்டைப் பார்த்ததுமே தொலைபேசியில் அழைத்து இதைச் சொன்னேன். "அதற்கு முன்னால் இடம் இல்லை, மாத்திரையை அதற்கேற்ப எடுத்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தது.

அதையும் மீறி, மருத்துவர் சொன்னபடியே மாத்திரையைக் கொடுத்து, காலையில் முகப்பு திறக்கும்போதே அம்மாவோடு போய் நின்றேன். சந்திப்புக்கு அரை மணி நேரத்துக்கு முன்புதான் பதிவு இயந்திரம் வரிசை எண் தரும் என்றார் அங்கிருந்த ஊழியர். பரிசோதனைத் தாளில் மருத்துவர் எழுதியிருந்த நேரத்தைக் காட்டினேன். "அது டாக்டர் எழுதியது, சிஸ்டத்தில் இல்லை" என்றார். அம்மாவின் கையில் ஊசி ஏறியபோது மணி பதினொன்றை நெருங்கியிருந்தது. முடிவு 50ஐச் சற்றே தாண்டி வந்தது. அந்த நேரத்தில் எடுத்த இரத்தத்தை வைத்துக்கொண்டு ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்று கூறிய நாளமில்லாச் சுரப்பி நிபுணர், மறுபடியும் அதே மாத்திரையை எழுதிக் கொடுத்தார்.

இந்த நோய்க்காக அலைகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது முக்கியமாக இதைத்தான்: கார்ட்டிசோல் முடிவுத்தாளில் வரும் எண், அது எடுக்கப்பட்ட நேரமும் சூழ்நிலையும் பக்கத்தில் இல்லாவிட்டால் எதையும் சொல்லாது. ஆனால் ஒவ்வொரு முகப்பும் எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொண்டு நேரத்தைத் தொலைத்துவிடுகிறது. இரண்டாவது முறை, நிபுணரையே கணினியில் "காலை 8 முதல் 9 மணிக்குள் கட்டாயம்" என்று பதிவு செய்யச் சொல்லி, அந்தப் பக்கத்தின் அச்சுப் பிரதியையும், இரத்தம் எடுக்கும் பிரிவின் மூத்த தாதியிடம் பேசுவதற்கான உள் தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொண்டுதான் அறையைவிட்டு வெளியே வந்தேன். அந்த முறை 8.20க்கு ஊசி போட்டார்கள்; கார்ட்டிசோல் அடங்கவே இல்லை என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது.

அங்கு வருவதற்கு முந்திய கட்டங்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் மருந்துக்குக் கட்டுப்படாமல் ஏறியதற்கு அம்மாவின் சாப்பாட்டைத்தான் எல்லாரும் குறை சொன்னோம். தரையில் அமர்ந்து கீரை ஆய்ந்த அம்மா, சுவரைப் பிடிக்காமல் எழ முடியாமல் போனதையும், லேசாக இடித்துக்கொண்டாலே கையில் கன்றிப்போனதையும் பலதுறை மருந்தகத்தில் இருந்த ஓர் இளம் மருத்துவர்தான் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தார். அங்கிருந்தே பரிந்துரைக் கடிதம் வாங்கியதால் நிபுணர் மருந்தகத்தில் மானியம் கிடைத்தது. அவசரப்பட்டு நேராகத் தனியார் நோயாளியாகப் போய்ப் பதிந்துவிடாதீர்கள். இந்த நோயின் பரிசோதனைகள் ஒன்றிரண்டோடு முடிவதில்லை.

நிபுணர் கேட்ட முதல் கேள்வி, மூட்டுவலிக்கு நாட்டு மருந்து ஏதேனும் சாப்பிடுகிறீர்களா என்பது. வெளியிலிருந்து உடலுக்குள் போகும் ஸ்டீராய்டுதான் இத்தகைய அறிகுறிகளுக்கு மிகப் பொதுவான காரணம். மூலிகை மருந்து என்று விற்கப்படும் மாத்திரைகளில் டெக்ஸாமெத்தசோன் ஒளிந்திருந்ததைப் பற்றி, இங்கே மருந்துகளைக் கண்காணிக்கும் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. தோலில் பூசும் களிம்பு, ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்து, மூட்டில் போட்டுக்கொண்ட ஊசி ஆகியவையும் கணக்கில் வரும். வீட்டில் இருக்கும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனால் பாதிப் பேச்சு மிச்சம்.

அடுத்து, 24 மணி நேரச் சிறுநீரில் வெளியேறும் கார்ட்டிசோலை அளக்கும் பரிசோதனை. காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீரைக் கழிப்பறையில் விட்டுவிட்டு, அதன்பின் வருவதை எல்லாம் மறுநாள் காலையின் முதல் சிறுநீர் வரை ஒரு பெரிய கலனில் சேர்க்க வேண்டும். கலனைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும். எங்கள் வீட்டுச் சண்டை இங்கேதான் தொடங்கியது. பாலும் இட்லி மாவும் சாமிக்கு வாங்கி வைத்த பூவும் இருக்கும் குளிர்பதனப் பெட்டிக்குள் அந்தக் கலன் நுழையவே கூடாது என்று அம்மா நின்றுவிட்டார். தேக்கா சந்தையில் மீன் விற்பவரிடம் கேட்டு வாங்கிய தெர்மோகோல் பெட்டியில் பனிக்கட்டியைக் கொட்டி, கழிப்பறை வாசலில் வைத்துச் சமாளித்தோம். வெள்ளிக்கிழமை தொடங்கிச் சனிக்கிழமை காலையில் கொண்டுபோனால், ஆய்வுக்கூட முகப்பு மூடிக் கிடந்தது. சனிக்கிழமை திறந்திருக்கும் என்று கலனைக் கொடுத்த ஊழியர்தான் சொல்லியிருந்தார். அன்று பணியிலிருந்த வேறு யாரும் அதைப் பெற்றுக்கொள்ளவில்லை. அத்தனையும் வீண். ஞாயிற்றுக்கிழமை காலை தொடங்கித் திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுங்கள். தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் கலன் மேல் நீங்களே பேனாவால் எழுதுங்கள். ஒருமுறை கொடுத்தால் போதாது, குறைந்தது இரண்டு முறை கேட்பார்கள் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உமிழ்நீர்ப் பரிசோதனை இதைவிட எளிது. நள்ளிரவையொட்டி உடலில் கார்ட்டிசோல் மிகக் குறைவாக இருக்க வேண்டும். அந்த நேரத்தில் பஞ்சுக் குச்சியை வாயில் அதக்கி எடுத்துக் குழாயில் போட்டு மூடினால் முடிந்தது. பல் துலக்கிய கையோடு எடுக்கக்கூடாது, ஈறிலிருந்து கசியும் இரத்தம் முடிவைக் கெடுத்துவிடும். அதிமதுரமும் ஆகாது. சளிக்கு நாம் போடும் கஷாயத்தில் மட்டுமல்ல, இங்கே உணவங்காடிகளில் விற்கும் சீன மூலிகை பானங்கள் சிலவற்றிலும் அது இருக்கிறது. இரவு வேலை பார்ப்பவர்களுக்கு இந்தப் பரிசோதனையே பொருந்தாது. அம்மா ஓர் உணவுக்கடைச் சமையலறையில் விடியற்காலை வேலைக்குப் போகிறவர், இரவு எட்டரைக்கெல்லாம் உறங்கிவிடுவார். இதை எந்த முகப்பிலும் யாரும் கேட்கவில்லை.

கேட்டவர், மருத்துவமனையில் நடந்துகொண்டிருந்த பிட்யூட்டரி ஆய்வு ஒன்றின் ஒருங்கிணைப்பாளர். அம்மாவின் நோய் உறுதியாகிக்கொண்டிருந்த நேரத்தில், ஆய்வில் சேர விருப்பமா என்று அவர் வந்து கேட்டார். அவர் கையில் இருந்த தாளில் உறங்கும் நேரம், விழிக்கும் நேரம், கடைசியாகச் சாப்பிட்ட நேரம், மாத்திரை விழுங்கிய நிமிடம் என எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டிருந்தது. டெக்ஸாமெத்தசோன் உண்மையிலேயே இரத்தத்தில் போதிய அளவு சேர்ந்திருக்கிறதா என்பதையும் அவர்கள் தனியாக அளந்தார்கள். வலிப்புக்கான சில மருந்துகள் அந்த மாத்திரையை உடலில் விரைவில் சிதைத்துவிட்டு, நோய் இல்லாதவருக்கும் நோய் இருப்பதுபோல் காட்டிவிடும் என்று விளக்கினார்கள். அன்றாடச் சிகிச்சை முகப்பில் நான் மல்லுக்கு நின்று கேட்டதெல்லாம் இங்கே கேட்காமலே கிடைத்தது.

ஒப்புதல் படிவம் மட்டும் ஆங்கிலத்தில் இருந்தது. அம்மாவுக்குத் தமிழ்தான் படிக்கத் தெரியும். நானே மொழிபெயர்த்துச் சொல்லிக் கையெழுத்து வாங்கிவிடலாம் என்றேன், ஒருங்கிணைப்பாளர் ஒத்துக்கொள்ளவில்லை. 2015ஆம் ஆண்டின் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டப்படி ஒப்புதல் எழுத்தில், சாட்சி முன்னிலையில் பெறப்பட வேண்டும் என்றும், பிள்ளை சொல்லித் தாய் கையெழுத்திட்டதாக அது ஆகிவிடக்கூடாது என்றும் சொல்லி, வேறொரு நாளில் தமிழ் பேசும் தாதி ஒருவரை அழைத்து வந்தார். ஒரு நாள் வீணாயிற்றே என்று அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் தாதி அம்மாவின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பக்கம் பக்கமாக விளக்கியதைப் பார்த்தபோது எரிச்சல் போய்விட்டது.

"ஆன்ட்டி, இதில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் உங்களுக்குக் கிடைக்கும் சிகிச்சை ஒன்றுதான். நடுவில் வேண்டாம் என்றாலும் விலகிக்கொள்ளலாம்" என்றார்.

"இதனால் எனக்கு என்னம்மா பலன்?" என்று அம்மா கேட்டார்.

"உங்களுக்கு நேராக ஒன்றும் இல்லை, ஆன்ட்டி."

அந்த நேர்மை அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. ஆய்வின்போது எதிர்பாராத வேறு நோய்க்கான அறிகுறி தென்பட்டால் தெரிவிக்க வேண்டுமா என்று படிவத்தில் தனியே ஒரு கேள்வி இருந்தது. "மறைத்து வைத்து என்ன செய்யப் போகிறார்கள், சொல்லட்டும்" என்றார் அம்மா. அறுவை சிகிச்சையில் எடுக்கப்படும் கட்டியில் எஞ்சுவதையும் ஆய்வுக்குக் கேட்டிருந்தார்கள். பிட்யூட்டரியில் உண்டாகும் இவ்வகைக் கட்டிகள் பலவற்றில் யூஎஸ்பி8 என்னும் மரபணுவில் மாற்றம் இருப்பது 2015இல்தான் தெரியவந்தது. 1912இலேயே ஹார்வி குஷிங் இந்த நோயை விவரித்து, 1932இல் பிட்யூட்டரிக் கட்டியோடு தொடர்புபடுத்தியும், கட்டி ஏன் முளைக்கிறது என்பதற்கான முதல் தெளிவான தடயம் கிடைக்க இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. அம்மாவின் கட்டி மிகச் சிறியது என்பதால் நோய்க்கூறு மருத்துவருக்கு அனுப்பியதுபோக ஆய்வுக்கு எதுவும் மிஞ்சாமலே போகலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

கட்டி எங்கே என்பதைக் கண்டுபிடிப்பதிலும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. அட்ரீனல் சுரப்பி தானாகவே மிகையாகச் சுரக்கிறதா, பிட்யூட்டரியிலிருந்தோ வேறெங்கிருந்தோ அதற்குத் தூண்டல் வருகிறதா என்பதை, அந்தத் தூண்டலைச் செய்யும் ஏசிடிஎச் என்னும் நாளநீரின் அளவுதான் பிரித்துக் காட்டும். அந்த இரத்தக் குழாயை உடனே பனிக்கட்டியில் வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் ஏசிடிஎச் சிதைந்துவிடும். எங்களுக்கு இரத்தம் எடுத்தவர் அதை மற்றக் குழாய்களோடு தட்டில் வைத்துவிட்டார். "மாதிரி ஏற்கத்தக்கதல்ல" என்று திரும்பி வந்தது. அடுத்த முறை ஊசி போடும் முன்பே "ஐஸ் எங்கே?" என்று அம்மாவே கேட்டார். நீங்களும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

எம்ஆர்ஐ சிக்கலின்றி முடிந்தது. அதில் 4 மில்லிமீட்டர் அளவில் ஒரு புள்ளி தெரிந்தது. அதுதான் குற்றவாளி என்று யாரும் உறுதி சொல்லவில்லை. ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குப் பிட்யூட்டரியில் இப்படி ஏதோ ஒரு புள்ளி எந்தத் தொல்லையும் தராமல் இருக்குமாம். ஆகவே இரு தொடைகளின் இரத்த நாளங்கள் வழியாகவும் மெல்லிய குழாய்களைத் தலைவரை செலுத்தி, பிட்யூட்டரியின் அருகில் எடுத்த இரத்தத்தையும் கையில் எடுத்த இரத்தத்தையும் ஏசிடிஎச் அளவுக்காக ஒப்பிட்டார்கள். தூண்டும் மருந்து கொடுப்பதற்கு முன் 2 மடங்கு, கொடுத்தபின் 3 மடங்கு வேறுபாடு இருந்தால் பிட்யூட்டரிதான் காரணம். அம்மாவுக்கு அதைவிட வெகுவாகவே கூடுதலாக இருந்தது. பணத்தைப் பற்றி ஒரு சொல்: வெளிநோயாளியாக எடுக்கும் ஸ்கேனுக்கு மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புக் கணக்கில் ஆண்டு வரம்பு உண்டு, மீதியைக் கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும். நிதி ஆலோசகரையோ மருத்துவச் சமூக ஊழியரையோ தேதி குறிக்கும் முன்பே பார்த்துவிடுவது நல்லது.

மூக்கு வழியாகச் செய்த அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. மறுநாள் காலைக் கார்ட்டிசோல் அதலபாதாளத்துக்குப் போயிருந்ததைப் பார்த்து நான் பதறினேன், நிபுணர் சிரித்தார். கட்டி போய்விட்டதற்கு அதுவே அடையாளம், இத்தனை காலம் அடங்கிக் கிடந்த மற்ற உயிரணுக்கள் விழித்துக்கொள்ளப் பல மாதங்கள் ஆகும், அதுவரை ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை. யாரும் முன்கூட்டி எச்சரிக்காத ஒன்றைச் சொல்கிறேன்: குணமான பிறகுதான் உடம்பு மோசமாக இருந்தது. மூட்டெல்லாம் வலி, படுக்கையைவிட்டு எழ முடியாத சோர்வு. மிகையான கார்ட்டிசோலுக்குப் பழகிய உடல் அது இல்லாமல் தவிப்பதால் வருவது இது. மூக்கைச் சிந்துவதும் குனிந்து பாரம் தூக்குவதும் கூடாது என்பதை எல்லாரும் சொல்வார்கள். வீடு திரும்பிய முதல் வாரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கியிருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

காய்ச்சல் வந்தால் மாத்திரையை இரட்டிப்பாக்க வேண்டும். வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி தாமதமின்றிப் போட்டாக வேண்டும். இதை எழுதி, நிபுணர் கையொப்பமிட்ட ஒரு கடிதத்தைக் கேட்டு வாங்கி அம்மாவின் கைப்பையில் வைத்திருக்கிறேன், படம் எடுத்து எல்லாருடைய கைப்பேசியிலும் போட்டிருக்கிறேன். அது ஒருநாள் உதவியது. நள்ளிரவில் வாந்தியோடு அவசரப் பிரிவுக்குப் போனபோது சாதாரண வயிற்றுக் கோளாறு என்று வரிசையில் உட்காரச் சொன்னார்கள். அம்மா, தமக்குத் தெரிந்த சொற்ப ஆங்கிலத்தில், மனப்பாடம் செய்து வைத்திருந்த "ஐ ஆம் ஸ்டீராய்டு டிபெண்டன்ட்" என்ற வாக்கியத்தைச் சொல்லிக் கடிதத்தை நீட்டினார். தாதி அதைப் படித்து முடிப்பதற்குள் உள்ளே அழைத்துக்கொண்டார்கள்.

இப்போது காலையில் 10 மில்லிகிராம், பிற்பகலில் 5 மில்லிகிராம் என்று குறைத்திருக்கிறார்கள். நோய் பல ஆண்டுகள் கழித்தும் திரும்பக்கூடும் என்பதால் ஆண்டுதோறும் பரிசோதனை தொடரும். ஆய்வுக் குழுவும் அடுத்த இரத்த மாதிரிக்குத் தேதி கேட்டிருக்கிறது. அம்மா உறங்கும் நேரத்தையும் விழிக்கும் நேரத்தையும் இம்முறை அவரே கையால் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.