கடைக் கட்டிடத்துக்கு வெளிப்பூச்சு

மார்த்தாண்டத்தில் தம்பி கட்டும் கடைக் கட்டிடத்துக்கு வெளிப்பூச்சு எப்போது என்பதுதான் வீட்டில் இப்போது பேச்சு. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று இரண்டு மழையும் உண்டு. ஜனவரியில் சாரம் கட்டினால்தான் சரி. கிறிஸ்துமஸ் வியாபாரமும் முடிந்திருக்கும், பக்கத்துக் கடைக்காரர்களின் முணுமுணுப்பும் குறையும்.

கொத்தனார் அண்ணனிடம் நான் கறாராகச் சொன்னது ஒன்றுதான். காங்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் கோழிவலை (மெல்லிய கம்பிவலை) அடிக்காமல் கரண்டியைத் தொடக்கூடாது. காங்கிரீட்டும் செங்கலும் வெயிலுக்கு ஒரே அளவில் விரியாது, விரிசல் அந்தக் கோட்டில்தான் முதலில் ஓடும். வழவழப்பான தூணையும் நன்றாகக் கொத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் கலவை பிடிக்காது. “அதெல்லாம் நமக்குத் தெரியும் மக்கா” என்று சிரித்தார். தெரியும்தான், ஆனாலும் நான் பக்கத்தில் நிற்பேன்.

மற்றது வழக்கமான கணக்கு: ஒரு பங்கு சிமென்ட்டுக்கு நாலு பங்கு மணல் கலவை, இரண்டு பூச்சில் மொத்தம் 20 மி.மீ. கனம், குறைந்தது 7 நாள் நனைப்பு. உப்புத் தண்ணீர் கூடவே கூடாது.

இப்போதைக்குத் தலைவலி பெயர்ப்பலகை மாட்டும் இரும்பு ஆங்கிளும் ஏசி பைப் துளையும். பூசுவதற்கு முன்பே இடம் குறிக்க வேண்டும். வாடகைக்கு வருகிறவர்களைக் கேட்டால், “அப்புறம் பார்த்துக்கலாம்” என்கிறார்கள்.