ஆகஸ்ட் வந்தா நான் லைனைத்தான் பாப்பேன்

ஆஸ்டின்ல நம்மாளுங்க நிறைய பேர் கிட்ட அந்த ஆரஞ்சு டி-ஷர்ட் இருக்கும், செப்டம்பர்ல ரெண்டு மூணு மேட்ச்சாவது டிவில போட்டு பாப்பாங்க. எனக்கு சீசனை விட அதுக்கு முன்னாடி வர்ற நாலு வாரம்தான் உசுரு. டெக்சாஸ் லாங்ஹார்ன்ஸ், அதாவது இங்க இருக்கற டெக்சாஸ் யுனிவர்சிட்டியோட அமெரிக்கன் ஃபுட்பால் டீம், ஜூலை கடைசியில இல்லன்னா ஆகஸ்ட் முதல்ல கேம்ப், சீசனுக்கு முந்தின பயிற்சி, ஆரம்பிச்சிடுவாங்க, அன்னைல இருந்து காலைல காபி போடறதுக்கு முன்னாடியே ஃபோனை எடுத்து யார் எந்த குரூப்ல நின்னாங்கன்னு பாத்துடுவேன்.

திருச்சில இருந்து மச்சான் போன் பண்ணப்ப கேட்டான், "ஏன் மாப்ள, மேட்ச்சே இன்னும் ஆரம்பிக்கல, அதுக்குள்ள என்னத்தடா உக்காந்து பாக்கற?" அவனுக்கு போன்ல அவசரமா சொன்னதைத்தான் இங்க நிதானமா எழுதறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், ப்ராக்டிஸை ரசிகர்களுக்கு காட்ட மாட்டாங்க. ரிப்போர்ட்டர்களையே ஆரம்பத்துல கொஞ்ச நேரம்தான் உள்ள விடுவாங்க, பசங்க உடம்பை வளைச்சு ஸ்ட்ரெட்ச் பண்றது, அவங்கவங்க பொசிஷன் ட்ரில், அவ்ளோதான், நிஜமா பதினோரு பேருக்கு பதினோரு பேர் மோதறதுக்கு முன்னாடி எல்லாரையும் வெளிய அனுப்பிடுவாங்க. மிச்சம் நமக்கு கிடைக்கறது சின்னச் சின்ன வீடியோ, ஃபோட்டோ, அப்புறம் ஹெட் கோச் ஸ்டீவ் சார்கிசியன் மைக் முன்னாடி வந்து பேசறது. இங்க எல்லாரும் அவரை சார்க்னுதான் சொல்லுவாங்க. சனிக்கிழமை ஸ்டேடியத்துக்குள்ள ஸ்க்ரிம்மேஜ் (தங்களுக்குள்ளயே பிரிஞ்சு ஆடற ஒத்திகை மேட்ச்) வச்சாங்கன்னா அதுலயும் என்ன நடந்துச்சுன்னு காதுவழிச் செய்திதான்.

இந்த வீடியோக்கள்ல அதிகமா ஓடறது எது தெரியுமா, எவனாவது ரிசீவர், ஓடிப்போய் பாஸைப் புடிக்கறவன், ஒத்தக் கையில பந்தைப் புடிச்சிருப்பான், அதுதான். பாக்க நல்லாத்தான் இருக்கு, நானும் பாப்பேன். ஆனா அதை வச்சு டீம் எப்படி இருக்கும்னு சொல்லவே முடியாது. நான் தேடறது பின்னாடி மங்கலா ஓடற அந்த அஞ்சு பெரிய உடம்புங்களைத்தான், ஆஃபென்சிவ் லைன். பந்தை எறியற குவார்ட்டர்பேக்குக்கு முன்னாடி சுவர் மாதிரி நிக்கறவங்க. பந்தைத் தொடவே மாட்டாங்க (நடுவுல இருக்கற சென்டர் மட்டும் ஆட்டத்தை ஆரம்பிக்க பந்தைப் பின்னாடி குடுப்பான்), பேப்பர்ல பேர் வராது, ஆனா அவங்க ரெண்டு செகண்ட் கூடுதலா நின்னாங்கன்னா ஆட்டம் நம்ம பக்கம். வீடியோவை நிறுத்தி நிறுத்தி ஜெர்சி நம்பரைப் பாப்பேன், இடது கோடியில 74 நிக்கறானா, சென்டருக்கு வலது பக்கத்து இடமான கார்டுல 52-ஆ, நேத்து இருந்தவன் இன்னைக்கு எங்க. அஞ்சு பேரும் நிக்கற வரிசைலயே அன்னைய நியூஸ் முழுக்க கிடைச்சிடும்.

இன்னொரு காரணமும் இருக்கு, இது கொஞ்சம் ரூல்ஸ் சமாச்சாரம், பொறுத்துக்குங்க. காலேஜ் டீமுக்கு கேம்ப்ல மொத்தம் 25 ப்ராக்டிஸ்தான் அனுமதி. முதல் ரெண்டு நாள் ஹெல்மெட் மட்டும்தான், அப்புறம் தோள்ல பேட், அதுக்கும் அப்புறம்தான் முழு பேட்ஸ், அதாவது முழு கவசம். முழு பேட்ஸ் போட்டு ஆடற ப்ராக்டிஸ் 9-க்கு மேல போகக்கூடாது, ஒரு ப்ராக்டிஸ்ல முழு மோதல் 75 நிமிஷத்துக்கு மேல கூடாது, ஸ்க்ரிம்மேஜ் ரெண்டு, இதெல்லாம் 2021-ல வந்த கட்டுப்பாடு. ஒரே நாள்ல ரெண்டு வேளை மோதற ப்ராக்டிஸை 2017-லயே நிறுத்திட்டாங்க. ஆக முதல் வாரத்துல ஹெல்மெட்டும் ஷார்ட்ஸுமா ஓடும்போது குவார்ட்டர்பேக், ரிசீவர் எல்லாம் சூப்பரா தெரிவாங்க, யாரும் அடிக்கப் போறதில்லையே. லைன்ல இருக்கறவன் எப்படின்னு தெரியணும்னா பேட்ஸ் போட்டு எதிர்ல முன்னூறு பவுண்டு ஆளு வந்து முட்டணும். அதனால முதல் வாரத்து புகழ்ச்சியை எல்லாம் படிச்சு சந்தோஷப்படுவேன், நம்பறது ரெண்டாவது வாரத்துல இருந்துதான்.

கொஞ்சம் கொஞ்சமா பேட்ஸ் ஏத்தற அந்த ரூலை சும்மா வைக்கல. 2001 ஆகஸ்ட்ல மினசோட்டா வைகிங்ஸ்ங்கற தொழில்முறை டீமோட கேம்ப்ல கோரி ஸ்ட்ரிங்கர் வெயில் தாக்கி செத்துப்போனார், அவரும் ஆஃபென்சிவ் லைன்தான். 2018-ல மேரிலாண்ட் யுனிவர்சிட்டில ஜோர்டன் மெக்நேர்னு 19 வயசுப் பையன், அவனும் லைன்தான், சீசனுக்கு முந்தின பயிற்சில வெயில்ல விழுந்து ரெண்டு வாரம் ஆஸ்பத்திரில கிடந்து போயிட்டான். பெரிய உடம்புக்குள்ள ஏறின சூடு சீக்கிரம் இறங்காது. ஒருத்தன் அப்படி சுருண்டு விழுந்தா முதல்ல ஐஸ் தண்ணித் தொட்டியில கழுத்து வரைக்கும் முக்கி சூட்டை இறக்கணும், ஆம்புலன்ஸ்ல ஏத்தறது அதுக்கப்புறம்தான், இன்னைக்கு எல்லா ட்ரெய்னரும் இதைத்தான் செய்யணும்னு சொல்றாங்க. 2023-ல ஆஸ்டின்ல தொடர்ந்து 45 நாள் நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டுச்சு, ஜூலைல ஆரம்பிச்சு ஆகஸ்ட் பாதியைத் தாண்டியும், கேம்ப்ல பெரும்பகுதி அதுக்குள்ளதான் நடந்துச்சு. நான் தபால் எடுக்க வெளிய போய்ட்டு வந்தாலே தலை சுத்தும். அந்தக் காலத்துல தண்ணி குடுக்காம ஆட விட்டாங்க, அதுதான் வீரம்னு யாராவது பெருமையா பேசினா எனக்கு நிஜமாவே கோவம் வந்துடும். அந்த 2023 பசங்க அந்த வெயில்ல தயாராகி செப்டம்பர்ல டஸ்கலூசா போய் அலபாமாவை 34-24-னு அடிச்சுட்டு வந்தாங்க, அன்னைக்கு ராத்திரி நான் தூங்கவே இல்ல.

கேம்ப்ல ஜெயிக்கறவன் சீசன்ல ஜெயிப்பான்னு சொல்ல முடியாது. 2021, சார்க் வந்த முதல் வருஷம், ஆகஸ்ட் முழுக்க ஒரே பேச்சு, குவார்ட்டர்பேக் ஹட்சன் கார்டா கேசி தாம்ப்ஸனா. ஹட்சனுக்குக் குடுத்தாங்க. ரெண்டாவது மேட்ச்ல ஆர்கன்சாஸ் கிட்ட 40-21-னு உதை, அடுத்த மேட்ச்ல இருந்து தாம்ப்ஸன். அந்த வருஷம் அஞ்சு ஜெயிப்பு, ஏழு தோல்வின்னு முடிஞ்சுது. ஊரே அந்த ரெண்டு பேரைப் பத்தி சண்டை போட்டப்ப முன்னாடி நின்ன அஞ்சு பேரைப் பத்தி பேச ஆளில்ல, எனக்கு அதுதான் ஆதங்கம்.

அடுத்த வருஷம் 2022 கேம்ப் இருக்கே, அதை என்னால மறக்க முடியாது. ஸ்க்ரிம்மேஜ்ல ஜூனியர் ஆங்கிலாவுக்கு முழங்கால் போச்சு, லைன்ல ரொம்ப நாள் ஆடின அனுபவம் உள்ள ஆளு. கொஞ்ச நாள்ல வயோமிங்ல இருந்து ட்ரான்ஸ்ஃபர் ஆகி வந்த ரிசீவர் ஐசாயா நேயருக்கும் முழங்கால். ரெண்டு பேருக்கும் ஒரு மேட்ச் கூட ஆடாம சீசன் முடிஞ்சுது. கேம்ப் பாக்கறவனுக்கு பெரிய பயம் இதுதான், ஒரு நாள் லிஸ்ட்ல இருக்கற பேர் அடுத்த நாள் இருக்காது, யாரும் உடனே காரணம் சொல்ல மாட்டாங்க, சாயங்காலம் வரைக்கும் வயித்தக் கலக்கும். ஆனா அதே கேம்ப்லதான் ஹூஸ்டன் பக்கத்து ஹம்பிள்ல இருந்து வந்த கெல்வின் பாங்க்ஸ்னு ஒரு ஃப்ரெஷ்மேன் (முதல் வருஷப் பையன்), 78-ம் நம்பர், ஹைஸ்கூல் முடிச்சு வந்த கையோட லைனோட இடது கோடியான இடது டேக்கிள்ல ஃபர்ஸ்ட் குரூப்போட நின்னான். குவார்ட்டர்பேக்கோட முதுகைக் காக்கற இடம், அதை ஃப்ரெஷ்மேன் கையில குடுக்கறதெல்லாம் அபூர்வம். ரெண்டாவது மேட்ச்லயே எதிர்ல அலபாமா, குவார்ட்டர்பேக்கை வீழ்த்தறதுல பேர் போன வில் ஆண்டர்சன். ஒரே பாயிண்ட்ல, 20-19-ல தோத்தோம், ஆனா பையன் அசரல. அந்த சீசன்ல எல்லா மேட்ச்சும் அவன்தான் ஆரம்பிச்சான். 2024-ல லைன் ஆளுங்களுக்கான பெரிய விருதுங்களான அவுட்லேண்ட் டிராஃபி, லொம்பார்டி ரெண்டும் வாங்கினான், தொழில்முறை டீம்கள் காலேஜ் பசங்களை எடுக்கற ட்ராஃப்ட்ல 2025-ல 9-வது ஆளா நியூ ஆர்லியன்ஸ் செயிண்ட்ஸ் எடுத்தாங்க. அவன் பேரைக் கூப்பிட்டப்ப எனக்கு சொந்தத் தம்பிக்கு வேலை கிடைச்ச சந்தோஷம்.

2024 ஆகஸ்ட்லயும் அடி. ரன்னிங்பேக் (பந்தை எடுத்துட்டு ஓடறவன்) சிஜே பாக்ஸ்டருக்கு முழங்கால், அதே மாசம் கிறிஸ்டியன் கிளார்க்குக்கு குதிகால் தசைநாண். ரெண்டு ரன்னிங்பேக் போனா என்ன பண்ணுவாங்கன்னு நான் ராத்திரியெல்லாம் டெப்த் சார்ட்டை (எந்த இடத்துக்கு யார் முதல், யார் அடுத்துன்னு போட்ட லிஸ்ட்) பாத்துட்டு இருந்தேன். கீழ இருந்து மேல வந்தான் ட்ரே விஸ்னர், அந்த சீசன்ல ஆயிரம் கஜத்துக்கு மேல ஓடினான். ஆகஸ்ட்ல ரெண்டாவது, மூணாவது வரிசைல நிக்கற பையன் பேரையும் தெரிஞ்சு வச்சுக்கணும்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றது இதுக்குத்தான்.

ப்ராக்டிஸ் பக்கத்துல போய் பாக்க முடியாதுன்னு சொன்னேன் இல்லயா, ஏப்ரல்ல டீம் தங்களுக்குள்ளயே ஆடற ஸ்ப்ரிங் கேம்ல மட்டும் அந்த வாய்ப்பு கிடைச்சுது. 2024-ல போனேன். அன்னைக்கு குவார்ட்டர்பேக் ஆர்ச் மானிங் 355 கஜம் பாஸ் பண்ணான், ஸ்டேடியமே அவனுக்காக கத்துச்சு. நான் ஆட்டத்துக்கு முன்னாடியே போய் கீழ் வரிசைல மைதானத்தோட கோடியில, என்ட்ஸோன் பக்கம் உக்காந்துட்டேன், லைன் பசங்க வார்ம்-அப் பண்றதைப் பாக்க. ஒருத்தன் பெரிய பேடைப் புடிச்சுட்டு நிப்பான், எதிர்ல இருக்கறவன் குனிஞ்சு கையை தரைல ஊணிட்டு இருப்பான், சத்தம் குடுத்ததும் முதல் அடி, ஆறு இஞ்ச் கூட இருக்காது, அதுக்குள்ள ரெண்டு உள்ளங்கையும் பேடுக்கு நடுவுல போய் பட்டுனு விழும். கை கொஞ்சம் வெளிப்பக்கம் போச்சுன்னா மறுபடி. கால் நேரா வந்துட்டா மறுபடி. அவங்க கோச் கைல் ஃபிளட், முன்னாடி ரட்கர்ஸ்ல ஹெட் கோச்சா இருந்தவர், இந்த லைனை வருஷக்கணக்கா கட்டினது அவர்தான். அந்த ஆறு இஞ்ச் அடியைப் பாத்ததுல இருந்து டிவில மேட்ச் பாக்கும்போது பந்து கிளம்பறதுக்கு முன்னாடி என் கண்ணு தானா அங்க போயிடுது.

2025-ல ஸ்ப்ரிங் கேமே வைக்கல, ரெண்டு வருஷத்துல 30 மேட்ச் ஆடிட்டாங்க, உடம்பு தாங்காதுன்னு சார்க் சொன்னார், எனக்கு ஏமாத்தமா இருந்தாலும் சரின்னுதான் பட்டுச்சு. அந்த ஆகஸ்ட் வந்தப்ப ஏபி நியூஸ் ஏஜென்சி போடற ரேங்கிங்ல சீசன் ஆரம்பிக்கும் முன்னாடியே நம்பர் 1, டெக்சாஸுக்கு அது முதல் தடவை. டிவியைத் திறந்தா ஆர்ச், தாத்தா ஆர்ச்சி, சித்தப்பாங்க பெய்ட்டனும் ஈலையும், எல்லாரும் பேர் பெத்த குவார்ட்டர்பேக்குங்க, இதே கதை. லைன்ல போன வருஷத்து அஞ்சு பேர்ல நாலு பேர் போயாச்சு. 52, டிஜே கேம்ப்பெல் மட்டும் மிச்சம், கூட 74 ட்ரெவர் கூஸ்பி, முந்தின வருஷம் பாங்க்ஸுக்கு அடிபட்டப்ப உள்ள வந்து ஆடினவன். எனக்குத் தெரிஞ்ச எல்லார்கிட்டயும் இதையேதான் பேசிட்டு இருந்தேன். முதல் மேட்ச் கொலம்பஸ்ல ஓஹையோ ஸ்டேட் கிட்ட 14-7, அக்டோபர்ல ஃப்ளோரிடா கிட்ட 29-21, ரெண்டும் தோல்வி, பின்னாடி நின்னு நிதானமா எறிய ஆர்ச்சுக்கு நேரமே கிடைக்கல. அந்தப் பையனை ஊரே திட்டினப்ப எனக்கு மனசே ஆறல, முன்னாடி சுவர் இன்னும் காயலயே. நவம்பர்ல கொஞ்சம் இறுகிச்சு, டெக்சாஸ் ஏ அண்ட் எம்மை 27-17-னு அடிச்சாங்க.

இன்னொண்ணு சொல்லணும், வாக்-ஆன் பசங்க. ஸ்காலர்ஷிப் இல்லாம சொந்தக் காசுல படிச்சுக்கிட்டே ஆடறவங்க. மைக்கேல் டாஃபே இதே ஆஸ்டின் வெஸ்ட்லேக் ஸ்கூல் பையன், 2021-ல வாக்-ஆனா வந்து டிஃபென்ஸ்க்கே தூண் ஆனான். கேம்ப் சமயத்துல பல காலேஜ்ல டீம் மீட்டிங் நடுவுல ஒரு வாக்-ஆனைக் கூப்பிட்டு உனக்கு இனிமே ஸ்காலர்ஷிப்னு சொல்லுவாங்க, மொத்த ரூமும் எந்திரிச்சு அவன் மேல விழும், அந்த வீடியோக்களை எல்லாம் நான் கண்ணு கலங்காம பாத்ததே இல்ல. 2025-ல இருந்து, காலேஜே பசங்களுக்கு நேரடியா காசு குடுக்க வழி விட்ட கோர்ட் செட்டில்மென்ட்டால, ஒரு டீமுக்கு 105 பேர்தான்னு வரம்பும் வந்துடுச்சு. காசு வர்றது பெரிய பசங்களுக்கு நல்லது, அவங்க உழைப்புக்கு கிடைக்கணும், ஆனா 106-வதா நிக்கற டாஃபே மாதிரி ஒருத்தனுக்கு இடம் எங்கன்னு யாராவது யோசிக்கணும்.

2026 செப்டம்பர் 12-ம் தேதி ஓஹையோ ஸ்டேட் இங்க, நம்ம ஸ்டேடியத்துக்கு வர்றாங்க. மச்சான் கிட்ட சொல்லி வச்சிருக்கேன், அந்த மேட்ச் எப்படி இருக்கும்னு ஆகஸ்ட்லயே கேளு, கேம்ப் ரெண்டாவது வாரம், பேட்ஸ் போட்டதுக்கு அப்புறம், அந்த அஞ்சு நம்பரையும் வரிசையா உனக்கு அனுப்பறேன்னு.