கோபமா பேசினாங்கன்னு எழுதினேன், ஆனா பாத்தது என்ன?

என் ஆராய்ச்சிக்காக ஒரு ஆஸ்பத்திரில ஃபீல்டுவொர்க் முடிஞ்சு வந்தப்போ கைல எட்டு நோட்டு, அது போக ரெக்கார்டிங் எல்லாம் இருந்துச்சு, இனி உக்காந்து எழுதுறது மட்டும்தான் பாக்கின்னு நினைச்சேன். மூணு மாசம் ஆகியும் ஒரு அத்தியாயம் கூட நகரல. கோடிங் பண்ணி (குறிப்புல ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு லேபிள் போடுறது), தீம் பிரிச்சு, ஒவ்வொரு தீமுக்கு கீழயும் நாலு பேர் சொன்னத எடுத்து வச்சா படிக்க சர்வே ரிப்போர்ட் மாதிரி இருக்கு, ஆஸ்பத்திரி வெயிட்டிங் ஹால்ல ஒரு வருஷம் நான் பழகின மனுஷங்க யாருமே அதுல இல்ல.

என் கைடு படிச்சிட்டு கேட்டது ஒண்ணுதான். "இந்தம்மா கிளார்க்கிட்ட கோபமா பேசினாங்கன்னு எழுதிருக்கியேமா, நீ என்ன பாத்த?"

நோட்ட தேடி எடுத்தா அங்கயும் "கோபமா பேசினாங்க"ன்னுதான் இருக்கு. குரல் உசந்துச்சா, எந்திரிச்சாங்களா, எதுவும் இல்ல. பாத்தத விட்டுட்டு என் முடிவ எழுதி வச்சிருக்கேன்.

மானுடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் 1973ல சொன்ன 'திக் டிஸ்கிரிப்ஷன்', அதாவது ஒரு செயல அதோட அர்த்தம் புரியிற மாதிரி சூழலோட சேத்து எழுதுறது, அப்பதான் எனக்கு உறைச்சது. தத்துவவாதி கில்பர்ட் ரைல்கிட்ட இருந்து அவர் எடுத்த உதாரணம், கண்ணு தானா துடிக்கிறதும் ஒருத்தர் வேணும்னே கண்ணடிக்கிறதும் வெளிய இருந்து பாத்தா ஒண்ணுதான், எது எதுன்னு சொல்றது அத சுத்தி இருக்கிற சூழல். நிறைய வர்ணிச்சா திக் ஆயிடும்னு நினைச்சிருந்தேன், அது இல்ல.

சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் ஒரு கிராமத்துல ஃபீல்டுவொர்க் பண்ணி ஒழுங்குபடுத்தி வச்சிருந்த குறிப்பு மூணு காப்பியும் 1970ல ஸ்டான்ஃபோர்ட்ல தீயில போச்சு, அதுக்கப்புறம் பெரும்பாலும் நினைவுல இருந்தே அந்த கிராமத்த பத்தி புத்தகம் எழுதினார், 1976ல வந்துச்சு. நோட்டுல ஏறாம மண்டைல தங்கினதும் டேட்டாதான், இத ஹெட்நோட்ஸ்னு சொல்லுவாங்க. ஆனா நினைவுல இருந்து எழுதினா அப்படின்னு சொல்லிடணும், அதுல மேற்கோள் குறி போடக்கூடாது, அது காதால கேட்டு அப்படியே குறிச்ச வார்த்தைக்கு மட்டும்தான்.

அப்புறம் அந்தம்மா கோபமா பேசினாங்கன்னு நான் குறிச்ச அந்த இருபது நிமிஷத்த மட்டும் எழுதிப் பாத்தேன். எழுத எழுதத்தான் ஞாபகம் வருது, அந்தம்மா கிளார்க்க ஒரு தடவ கூட பாக்கவே இல்ல. ஃபைல மடில கவுத்து வச்சிட்டு பக்கத்துல இருந்த பேரன திட்டினாங்க, கவுன்டருக்கு கேக்கிற மாதிரி. அது கோபம் மட்டும் இல்லங்க, ஜாடை. கிளார்க்கும் தலை நிமிராமலே அடுத்த நம்பர கூப்பிட்டார், அது இவங்க நம்பர்.

இப்போ அத்தியாயம் அங்கதான் ஆரம்பிக்குது.